மோட்டுவளையும் ஏராவும்

1

ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து, அதன் பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து விரல்நுனியில் வைத்துக்கொண்டு மேலிருந்து பாருங்கள். தலைக்குப் பின்னால் குதிரைச் சேணம் மாதிரி ஒரு தகடு கவிந்திருக்கும். அந்தச் சேணத்தின் நடுவில், முன்னிருந்து பின்னாக ஒரு கோடு ஓடும். கண்ணுக்குத்தான் அது கோடு. நகத்தை வைத்து இழுத்தால் மேடு என்று தெரிந்துவிடும். சில வெட்டுக்கிளிகளில் அந்த மேடு நகத்துக்கு மட்டுமே தட்டுப்படும். சிலதில் ஓட்டுவீட்டுக் கூரைபோல எழும்பி நிற்கும். இன்னும் சிலதில் சேவல் கொண்டையாகவே வளர்ந்திருக்கும்.

பூச்சியியலில் இந்த மேட்டுக்குக் காரினா என்று பெயர். லத்தீன் சொல். கப்பலின் அடிமரம் என்று அர்த்தம்.

எங்கள் ஊர் குருவிகுளம். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல்காடு. பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய், இப்போது எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம். பயிர் இருக்கிற இடத்தில் பூச்சி இருக்கும், பூச்சி இருக்கிற இடத்தில் பெயர் இருக்கும். பிள்ளைப்பூச்சி, கும்பிடுபூச்சி, பொன்வண்டு, பாப்பாத்திப்பூச்சி, தட்டான், ஊசித்தட்டான், சாணியுருட்டி, எட்டுக்கால்பூச்சி என்று சொல்லிக்கொண்டே போகலாம். பூச்சியின் உடம்புக்குள் போனால் மட்டும் சொற்கள் சட்டென்று வற்றிப்போகின்றன. தலை, கால், றெக்கை, மீசை, கொடுக்கு, முள். அதுக்கு மேல கேட்டா, "முதுகுல மேடா என்னமோ இருக்குல்லா, அது" என்பார்கள்.

அந்த "என்னமோ"வுக்கு ஒரு சொல் எதற்கு என்று கேட்கலாம். ஒரு வெட்டுக்கிளி எந்த இனம் என்று கண்டுபிடிக்க, உலகம் முழுவதும் ஒரே மாதிரியான வினாவரிசை இருக்கிறது. முதுகு மேடு முழுசாக ஓடுகிறதா, குறுக்கே பள்ளங்கள் வெட்டுகின்றனவா? வெட்டினால் எத்தனை? ஒரு கேள்விக்கு இரண்டு விடை, விடையைப் பொறுத்து அடுத்த கேள்வி. இப்படிப் பத்துப் பதினைந்து படி இறங்கினால் பெயர் கைக்கு வரும். தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணோ பையனோ கையில் பூச்சியை வைத்துக்கொண்டிருந்தாலும் முதல் படியிலேயே நின்றுவிட வேண்டியதுதான். கேள்விக்கு விடை பூச்சியின் முதுகிலேயே இருக்கிறது. கேள்விதான் அவர்கள் மொழியில் இல்லை.

இந்த மேடுகளின் சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அது ரோமாபுரியில் தொடங்கி, தரங்கம்பாடியைத் தொட்டு, தாஷ்கண்ட், லண்டன் போய், நெல்லைக்கும் வந்திருக்கிறது.

2

லத்தீன் என்றதும் ஏதோ பண்டித மொழி என்ற பயம் நமக்கு. பூச்சியின் உடம்பில் ஒட்டியிருக்கும் லத்தீன் சொற்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் சம்சாரியும் தச்சனும் படகோட்டியும்தான்.

காரினா, கப்பல் அடிமரம். கிரிஸ்டா, சேவலின் கொண்டை. கோஸ்டா, விலா எலும்பு. ஜூகம், மாட்டின் கழுத்தில் பூட்டும் நுகம். ஸ்கூட்டெல்லம், சின்னக் கேடயம். ரூகா, முகத்தில் விழும் சுருக்கம். சல்கஸ், கலப்பை கிழித்துப்போன சால். இரண்டு சாலுக்கு நடுவில் மண் எழும்பி நிற்குமே, நாம் பார் என்கிறோமே, அதற்கு லத்தீனில் லிரா. சிப்பிகளின் மேல் ஓடும் மெல்லிய வரம்புகளுக்கு இன்றைக்கும் அந்தச் சொல்தான். உழும்போது பாரை விட்டு விலகிப்போகிறவனைக் குறித்த வினையிலிருந்துதான் ஜன்னிப் பிதற்றலைக் குறிக்கும் டெலிரியம் என்ற மருத்துவச் சொல்லே பிறந்தது.

அப்படியென்றால் இந்தக் கலைச்சொற்களை யாரும் ஒரு அறையில் உட்கார்ந்து புதிதாகச் சமைக்கவில்லை. காட்டிலும் கடற்கரையிலும் கிடந்த சொல்லை எடுத்துப் பூச்சியின் முதுகில் வைத்தார்கள், பொருந்தியது. 1758-இல் லின்னேயஸ் தென்னமெரிக்காவின் பிரம்மாண்டமான வெட்டுக்கிளி ஒன்றுக்குக் கொண்டைக்காரன் என்ற பொருளில் கிரிஸ்டாட்டஸ் என்று பெயர் வைத்தார். நூறாண்டு கழித்து அதற்கு அமைந்த பேரினப் பெயர் டிராபிடாக்ரிஸ். கிரேக்கத்தில் டிராபிஸ் என்றாலும் கப்பலின் அடிமரம்தான். ஆக ஒரே பூச்சியின் பெயரில் கிரேக்கக் கப்பலும் லத்தீன் சேவலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

நம் பக்கத்திலும் ஒன்று உண்டு. தென்னிந்தியக் காடுகளில் தேக்கிலும் சந்தனத்திலும் காணப்படும் பச்சை வெட்டுக்கிளி. சேணத்தின் நடுமேடு தலைக்கும் மேலே முக்காடுபோல உயர்ந்து, முழுப் பூச்சியையும் ஓர் இலையாகக் காட்டும். டெரடோடெஸ் மான்டிகோலிஸ் என்று பெயர். மான்டிகோலிஸ் என்றால் மலைக்கழுத்தன். 1832-இல் வைத்த பெயர். பெயர் வைத்தவருக்கு மலை ஞாபகம் வந்திருக்கிறது. நம் ஆட்களிடம் காட்டியிருந்தால் காளையின் திமில் ஞாபகம் வந்திருக்கும்.

லின்னேயஸ் இன்னொன்றும் செய்தார். சிலந்தியையும் பூச்சிகளோடுதான் சேர்த்தார். பிறகு 1800-களின் தொடக்கத்தில் லாமார்க் அதைத் தனியே பிரித்தார். எட்டுக்கால்பூச்சி என்று சொல்வதை அறியாமை என்று பள்ளிக்கூடத்தில் திருத்துகிறார்கள். அந்த வகையில் எங்கள் ஊர் ஆட்கள் லின்னேயஸ் கட்சி.

3

தமிழ்நாட்டுப் பூச்சிகள் லத்தீனுக்குப் போன வழி தரங்கம்பாடி வழி. டேனிஷ்காரர்களின் கோட்டை அங்கே 1620-இலிருந்து இருந்தது. 1706-இல் சீகன்பால்கு வந்து இறங்கியதும், தமிழை அச்சேற்றியதும் இந்த இதழின் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை 1768-இல் அங்கே மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவருடையது. அவர் லின்னேயஸின் மாணவர். செடி பறித்தார், பூச்சி பிடித்தார், கறையான் புற்றை உடைத்து உள்ளே பார்த்தார். 1779-இல் கறையானைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அந்தத் துறையின் முதல் நல்ல ஆய்வுகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. 1785-இல் ஆந்திரக் கரையில் இறந்துபோனார்.

தரங்கம்பாடியில் பிடித்த பூச்சிகள் ஊசி குத்தப்பட்டுக் கப்பலேறின. வடக்கு ஐரோப்பாவில் அவற்றுக்குப் பெயர் வைத்தவர் லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ். 1775-இலிருந்து கீல் நகரத்தின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். ஜெர்மன் மொழியில் கீல் என்றாலும் கப்பலின் அடிமரம்தான், அந்த ஊர்ப்பெயர் வந்த வழி வேறு என்றாலும். எங்கள் பருத்திக்காட்டில் காய் வெடிக்கும்போது சிவப்புச் சிவப்பாய் மொய்த்துப் பஞ்சைக் கறையாக்கும் பூச்சிக்கு, இடுப்புவார் கட்டியது என்ற பொருளில் சிங்குலேட்டஸ் என்று 1775-இல் பெயர் வைத்தவர் அவர்தான். உடைமரத்திலும் துவரையிலும் எறும்பு புடைசூழ உட்கார்ந்திருக்கும், தோளில் இரண்டு கொம்பு வைத்த சின்னப் பூச்சி ஒன்று உண்டு. 1798-இல் அவர் அதற்கு வைத்த பெயருக்குப் பனிமான் என்று பொருள். கரிசலில் வெயில் தின்கிற பூச்சி, பெயர் வைத்தவர் ஊர்ப் பனியில் நடக்கிற மானாகிவிட்டது.

தவறுகளும் நடந்தன. வட அமெரிக்காவில் மட்டுமே வாழும் ஒரு புலிவண்டுக்கு, சீட்டு மாறியதாலோ என்னவோ, 1806-இல் தரங்கம்பாடிக்காரன் என்ற பொருளில் டிராங்க்வெபாரிக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதலில் வைத்த பெயரை மாற்றக்கூடாது என்பது விதி. தரங்கம்பாடிக் கடற்கரையைக் கண்ணால் பார்க்காத அந்த வண்டு இன்றும் அந்தப் பெயரோடுதான் அலைகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பூச்சியைப் பிடித்துக் கொடுத்த கைகளில் பல தமிழ்க் கைகளாகத்தான் இருந்திருக்கும். அவர்கள் அந்தப் பூச்சியை ஏதோ ஒரு பெயரால் கூப்பிட்டிருப்பார்கள். ஊசியில் பூச்சி மட்டும் ஏறியது, பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

4

ஒரு மேட்டின் உயரத்துக்கு இவ்வளவு பேச்சு வேண்டுமா என்று தோன்றினால், போரிஸ் உவாரவின் கதையைக் கேட்க வேண்டும்.

லின்னேயஸ் 1758-இல் ஒரு வெட்டுக்கிளிக்கு மிக்ரட்டோரியா என்று பெயரிட்டார். கூட்டம் கூட்டமாகக் கிளம்பி வந்து நாடுகளைத் தின்றுவிட்டுப் போகிற இனம் அது. 1767-இல் இன்னொன்றுக்கு டானிக்கா என்று பெயரிட்டார். அது தனியாக, யாருக்கும் தொந்தரவில்லாமல் புல்லில் வாழ்வது. இரண்டும் வேறு வேறு இனம் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புத்தகங்கள் சொல்லின. எப்படிப் பிரித்தார்கள்? முக்கியமான அடையாளம் அந்தச் சேணம்தான். பக்கவாட்டில் பார்த்தால் டானிக்காவின் நடுமேடு வில்போல வளைந்து எழும்பியிருக்கும். மிக்ரட்டோரியாவுடையது நேராக, அல்லது நடுவில் லேசாகக் குழிந்து இருக்கும்.

உவாரவ் ரஷ்யப் பேரரசில் பிறந்து, வெட்டுக்கிளி ஒழிப்பு வேலையில் இருந்து, 1920-இல் லண்டன் வந்து சேர்ந்தவர். அவருடைய கண்ணுக்கு ஒரு சிக்கல் பட்டது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற பூச்சிகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. வளைவும் இல்லை, நேரும் இல்லை, இடைப்பட்ட மேடு. தாஷ்கண்டில் பிளாட்னிகவ் என்பவர் இவற்றை வளர்த்துப் பார்த்தபோது ஒன்றின் குஞ்சு மற்றதாக மாறியது. 1921-இல் உவாரவ் தன் முடிவை வெளியிட்டார். இரண்டு இனம் இல்லை, ஒரே இனம், இரண்டு நிலை. தனியாக வளர்ந்தால் முதுகு வளையும். நெருக்கியடித்துக் கூட்டத்தில் வளர்ந்தால் முதுகு நேராகும், நிறம் மாறும், குணமும் மாறும், பறந்து கிளம்பும்.

இது பெயர்த் திருத்தத்தோடு முடியவில்லை. அதுவரை வெட்டுக்கிளிக் கூட்டம் எங்கிருந்தோ வருகிற தெய்வ தண்டனை. அதற்குப் பிறகு, தனியாகத் திரிகிற பூச்சியைப் பார்த்தே கூட்டம் திரளப்போகிறதா என்று கணிக்கலாம் என்றானது. புல்வெளியில் இருக்கும் பூச்சிகளைப் பிடித்து அளந்துகொண்டே இருப்பது ஒரு அரசாங்க வேலையானது. இந்தியாவில் வெட்டுக்கிளி எச்சரிக்கை அமைப்பு 1939-இல் தொடங்கியதும் இந்தப் புரிதலின் தொடர்ச்சிதான். பின்னால் வந்தவர்கள் இன்னும் உள்ளே போனார்கள். பாலைவன வெட்டுக்கிளியில் இந்தக் குணமாற்றத்தைத் தொடங்கிவைப்பது செரடோனின் என்ற நரம்பு வேதிப்பொருள் என்று 2009-இல் கண்டார்கள்.

ஒரு மேடு வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்பதை உற்றுப் பார்த்து, அதைச் சொல்ல ஒரு சொல்லும் கையில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டும் சேர்ந்துதான் இவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டன.

5

தமிழில் இந்தச் சொற்களுக்கு யாரும் முயலவில்லையா என்றால், முயன்றார்கள். எங்கள் சீமையிலிருந்தே முயன்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் 1847-இல் வந்து இறங்கிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1873-இல் திரும்பிப் போவதற்குள் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துக் காட்டினார். கிரேயின் உடற்கூற்று நூல் 1872-இல் தமிழில் வந்தது. மனித எலும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அப்போதே தமிழில் ஏதோ ஒரு சொல் தேவைப்பட்டது, வைத்தார்கள். 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் தொடங்கினார்கள். எங்களுக்குப் பக்கத்து எட்டயபுரத்துக்காரர் பாரதி, பரிபாஷை சேகரிப்பது எப்படி என்று ஒரு கட்டுரையே எழுதினார்.

பிறகு 1934-இல் நெல்லையில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் உருவானது. இ.மு.சுப்பிரமணிய பிள்ளை அதன் உயிர்நாடி. அரசாங்கம் அதற்கு முன் வெளியிட்டிருந்த கலைச்சொல் பட்டியலில் வடமொழி மிகுந்திருந்தது, பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்பது இவர்கள் வாதம். 1936-இல் சென்னையில் விபுலாநந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூடியது. 1938-இல் ஏறத்தாழ 10,000 சொற்களோடு கலைச்சொற்கள் நூல் வந்தது. 1940-இல் அரசாங்கம் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அமைத்த குழு மறுபடி வடமொழிப் பக்கம் சாய்ந்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஒரு கலைச்சொல்லுக்காகக் கூட்டம் போட்டுக் கண்டனம் தெரிவித்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அதை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

அந்தச் சண்டையின் நியாயம் எனக்கு முழுக்க ஏற்புடையது. ஆனால் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்தன. வேர் எந்த மொழி என்று பார்த்தார்கள். சொல் யார் வாயில் இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. வடமொழி வேரிலிருந்து செய்தாலும் சங்கத் தமிழ் வேரிலிருந்து செய்தாலும், செய்த சொல் செய்த சொல்தான். லத்தீன்காரன் கொண்டை என்றும் சால் என்றும் சாதாரணமாகச் சொன்னதை நாம் மொழிபெயர்க்கும்போது மட்டும் அதற்குக் கோட்டு மாட்டிவிடுகிறோம்.

இதற்கு எதிரான வழியைக் காட்டியவர் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலில் இருந்த கி.ராஜநாராயணன். 1982-இல் வந்த அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி, பல்கலைக்கழகம் செய்யவேண்டிய வேலையை ஒரு சம்சாரி எழுத்தாளர் செய்துகாட்டியது. கலைச்சொல் என்பது ஏற்கனவே நம் களத்துமேட்டில் கிடக்கிறது, குனிந்து எடுத்தால் போதும் என்பதுதான் அந்த நூலிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

6

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இலிருந்து இருக்கிறது. இந்தியாவின் பழைய நிலையங்களில் ஒன்று. சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளராக இருந்த பெயின்பிரிஜ் ஃபிளெட்சர், தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய தடித்த நூலை 1914-இல் வெளியிட்டார். டி.வி.ராமகிருஷ்ண ஐயரின் கையேடு 1940-இல் வந்தது. இரண்டும் ஆங்கிலம். ஆனாலும் காட்டுக்கு வந்த வேளாண் அலுவலர்கள் சம்சாரிகளிடம் தமிழில்தான் பேச வேண்டியிருந்தது. அப்படிப் பேசிப் பேசி ஒரு நல்ல சொல்தொகுதி உருவாகியிருக்கிறது. அசுவினி, தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி, காய்ப்புழு, நாவாய்ப்பூச்சி. உறிஞ்சுகுழல் வைத்த பூச்சிகளில் ஒரு பெரும் பிரிவுக்குப் பெயர் நாவாய்ப்பூச்சி. பெயர் வந்த வழி எதுவானாலும், நாவாய் என்றால் கப்பல். லத்தீன்காரன் பூச்சியின் முதுகில் கப்பலின் அடிமரத்தைப் பார்த்தான், நம்மிடம் பூச்சியே கப்பலாக இருக்கிறது.

ஆனால் சொல்தொகுதி பெயரோடு நின்றுவிட்டது. அங்கங்களுக்குள் போகவில்லை. அதன் விலை 2018-இல் தெரிந்தது. அமெரிக்கப் படைப்புழு அந்த ஆண்டு நடுவில் கர்நாடகத்தில் கண்டுபிடிக்கப்பட்டு, அதே பருவத்தில் தமிழ்நாட்டு மக்காச்சோளத்துக்குள் இறங்கியது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்றது. இது பழைய புழுவா புதுப் புழுவா என்று தெரிந்தால்தான் என்ன செய்வது என்று தெரியும். அதற்குச் சொல்லப்பட்ட அடையாளம் இரண்டு. வால் பக்கத்தில் சதுரமாக நாலு புள்ளி. தலையில், தலைகீழாகப் போட்ட ஆங்கில ஒய் எழுத்து.

நாலு புள்ளி எல்லோருக்கும் புரிந்தது. ஒய் எழுத்தைப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கோடு தலையோட்டின் தையல்வாய். தோலுரிக்கும்போது பிளவு விழுகிற தடத்தை ஒட்டி ஓடுவது. உழவனுக்கு அதைக் கவைக்கம்பு என்று சொல்லியிருக்கலாம். ஆட்டுக்குக் குழை ஒடிக்கவும் முள்ளைத் தள்ளவும் கவை வைத்திருக்கிற ஊரில், "தலையில கவைக்கம்பு மாதிரி வெள்ளைக்கோடு" என்றால் அடுத்த கேள்வியே கிடையாது.

2020 மே மாதம் பாலைவன வெட்டுக்கிளிகள் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் வரை வந்தன. ஊரடங்கில் எல்லோரும் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்த நேரம். கிருஷ்ணகிரிப் பக்கம் எருக்கஞ்செடிகளில் வெட்டுக்கிளிகள் மொய்த்ததைப் பார்த்துத் தமிழ்நாடே பதறியது. அதிகாரிகள் போய்ப் பார்த்து, அது உள்ளூர் வகை என்று சொன்னார்கள். நீலமும் மஞ்சளுமாய் எருக்கில் உட்கார்ந்திருக்கும் வெட்டுக்கிளியை எருக்கு இருக்கிற ஊரில் பார்க்காதவர்கள் கிடையாது. ஆனாலும் "இது அது இல்ல" என்று உறுதியாகச் சொல்ல, எதை வைத்துச் சொல்வது என்ற மொழி யாரிடமும் இல்லை. பயம் அந்த இடைவெளியில்தான் புகுந்தது.

7

மேட்டைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அது வெளியே தெரிவதில் பாதிதான்.

பூச்சிக்கும் சிலந்திக்கும் எலும்பு உள்ளே இல்லை, தோல்தான் எலும்பு. மெல்லிய தகடு. மெல்லிய தகட்டுக்கு உரம் கொடுக்க என்ன செய்வோம்? மடிப்போம். கூரைத்தகரம் நெளிநெளியாக இருப்பது அழகுக்கு இல்லை, தட்டையாக இருந்தால் காற்றுக்கு மடங்கிவிடும் என்பதால்தான். பூச்சியின் மேடுகளும் பெரும்பாலும் அந்த வேலைதான் பார்க்கின்றன. சில இடங்களில் மேடு உள்பக்கமாக மடிந்திருக்கும். அப்போது வெளியே பார்ப்பவருக்குத் தெரிவது பள்ளம் மட்டுமே. தசைகள் பற்றிக்கொள்வது உள்ளே இருக்கும் மேட்டில்.

பழைய பூச்சியியலாளர்கள் வெளியே தெரிந்த கோடுகளையெல்லாம் தையல் என்று அழைத்தார்கள், இரண்டு தகடு ஒட்டிய இடம் என்ற நினைப்பில். அமெரிக்கரான ஸ்னாட்கிராஸ், 1935-இல் வந்த தன் பெருநூலில், பூச்சியின் ஒவ்வொரு கோட்டையும் உள்ளேயிருந்தும் பார்த்தார். பல கோடுகள் ஒட்டு இல்லை, உள்முகட்டின் வெளிப்பக்கம் என்று தெளிவானது. பிறகு தையல் வேறு, சால் வேறு என்று சொல்லையே பிரித்தார்கள். சிலந்தியிலும் இப்படித்தான். முன்னுடல் நடுவில் விரலால் அழுத்தியதுபோல ஒரு சின்னக் குழி இருக்கும். உள்ளே அது ஒரு முளை. இரையைக் கரைத்து உறிஞ்சும் வயிற்றை இழுக்கும் தசைகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இதைப் புரியவைக்க எங்கள் பக்கம் ஒரு பொருள் உண்டு. வீட்டில் பாம்பு, பூச்சித் தொந்தரவு என்றால் சங்கரன்கோவிலில் நேர்ந்துகொண்டு, பாம்பு, தேள், பூரான் உருவம் அடித்த தகடு வாங்கி உண்டியலில் போடுவார்கள். புற்றுமண்ணை வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு வருவார்கள். அந்தத் தகட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? முன்பக்கம் தேளின் முதுகு வரிவரியாகப் புடைத்திருக்கும், பின்பக்கம் அத்தனையும் பள்ளம். ஒரே அடி, இரண்டு முகம். ஸ்னாட்கிராஸ் சொன்னதும் இதுதான், அவர் கையில் இருந்தது பூச்சியின் தோல் என்பது ஒன்றே வித்தியாசம்.

மேடு பாடவும் செய்யும். சில வெட்டுக்கிளிகள் தொடையின் உள்பக்க வரம்பில் இருக்கும் பற்களை இறக்கை நரம்பில் உரசும். சுவர்க்கோழி ஒரு இறக்கையில் அரம் வைத்திருக்கிறது, இன்னொன்றில் அதை உரசும் விளிம்பு. குற்றாலக் காட்டில் காது அடைக்கிற சில்வண்டு வேறு வகை. அதன் வயிற்றோரத்தில் ஒரு சவ்வு, சவ்வில் விலாக்கள். தசை இழுக்க இழுக்க ஒவ்வொரு விலாவாக மடங்கி நிமிர்கிறது, மடங்கும்போது ஒரு சொடக்கு. நொடிக்கு நூற்றுக்கணக்கான சொடக்கு சேர்ந்துதான் அந்த ரீங்காரம்.

8

சரி, காரினாவுக்கு என்ன சொல்வது?

பள்ளிக்கூடத் தாவரவியலில் அவரைப் பூவின் அடி இதழ்களுக்குப் படகு அல்லி என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் இதே காரினாதான். அங்கே பூவின் வடிவத்துக்குப் படகு பொருந்துகிறது. பூச்சியின் முதுகுக்குப் படகு பொருந்தாது. கீல் என்று ஒலிபெயர்த்தால் கதவின் கீல் குறுக்கே வரும். கணுக்காலி முழுக்க மூட்டாக இருக்கும்போது அது வேண்டாத குழப்பம். கப்பலின் அடிமரத்துக்குத் தமிழில் ஏரா என்று அழகான சொல் உண்டு. கடற்கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்தக் கட்டுரையை எழுதியிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பார், சண்டைக்கும் போகமாட்டேன். கரிசலில் கண்மாய் உண்டு, கப்பல் கிடையாது. எங்களுக்கு நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிற ஒன்று என்றால் வீட்டுக் கூரைதான். முகடு. அதைத் தாங்குகிற மரம் முகட்டுவளை, பேச்சில் மோட்டுவளை. வேலைவெட்டி இல்லாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காதே என்று திட்டு வாங்காத பிள்ளை தெற்கே இருக்காது. ஆகவே காரினா முகடு. சேணத்தின் நடுவில் ஓடுவது நடுமுகடு, இருபுறமும் ஓடுபவை பக்கமுகடு.

கிரிஸ்டா யோசிக்கவே வேண்டாம், கொண்டை. சல்கஸ், சால். கோஸ்டா, விலா. ரூகா, திரை. ஜூகம், நுகம். பூப்பூத்த செடியில் பதுங்கியிருக்கும் நண்டுச்சிலந்தியின் கண்ணோரம் கொம்புபோல முளைத்திருக்குமே, அது முகிழ். ஒலியெழுப்பும் பல்வரிசை, அரம்.

இப்படி வீட்டுச் சொல்லை எடுத்தால் துல்லியம் போய்விடும், முகடு என்றால் கூரையா மலையா பூச்சியா என்று குழம்பும் என்பார்கள். நியாயமான கேள்வி. லத்தீனிலும் அதே குழப்பம் இருந்தது. ஒருவர் காரினா என்றதை இன்னொருவர் கோஸ்டா என்றார், மூன்றாமவர் கிரிஸ்டா என்றார். அதனால்தான் 1826-இல் கிர்பியும் ஸ்பென்ஸும் பூச்சிச் சொற்களுக்கென்றே தனிப் பகுதி எழுதினார்கள், 1906-இல் ஸ்மித் ஒரு சொல்விளக்கம் போட்டார், 1937-இல் டோரே-புவேனோ அகராதி வந்தது. 1979-இல் கலிஃபோர்னியாவில் ஹாரிஸ் என்பவர் பூச்சியின் மேல்தோல் வேலைப்பாடுகளுக்கு மட்டுமே படங்களோடு ஒரு சொற்களஞ்சியம் வெளியிட்டார். துல்லியம் சொல்லோடு பிறந்து வரவில்லை. படம் வரைந்து, வரையறை எழுதி, எல்லோரும் அதையே பயன்படுத்தி உண்டாக்கிக்கொண்டது. நமக்கும் அந்த வேலைதான் பாக்கி.

அதனால் சொல்லை முன்மொழிவதோடு நிறுத்தாமல், உவாரவ் பார்த்த அந்த வெட்டுக்கிளிக்கு ஒரு வினாவரிசையைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். தொடக்கம் இப்படி வருகிறது:

"சேணத்தைப் பக்கவாட்டில் பார்க்கவும். நடுமுகடு வில்போல மேலே வளைந்திருந்தால், இது தனியாக வளர்ந்தது. நடுமுகடு நேராகவோ, நடுவில் லேசாகக் குழிந்தோ இருந்தால், கூட்டத்தில் வளர்ந்தது. இரண்டுக்கும் இடைப்பட்டு இருந்தால், நிலை மாறிக்கொண்டிருக்கிறது. அதே இடத்தில் இன்னும் பத்துப் பூச்சியைப் பிடித்துப் பார்க்கவும்."

இதில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை. காட்டு வேலைக்குப் போகிற அவளுடைய அம்மாவுக்கும்தான்.